ஒரு அன்ரனா, நாலு அறை: யாழ்ப்பாணத்து வீட்டில் ரீவி சிக்னலைப் பகிர்ந்து கொடுக்கும் முறை

எங்கள் வீடு கொக்குவிலில் இருக்கிறது. முன்பக்கம் அப்பப்பா கட்டிய ஓட்டு வீடு, பின்பக்கம் பிறகு எழுப்பிய மாடி. நீண்ட காலம் விறாந்தையில் ஒரே ஒரு ரீவிதான். அன்ரனாவிலிருந்து ஒரு வயர் நேரே இறங்கி அதற்குள் போகும். படம் பளிச்சென்று தெரியும். அம்மாவுக்கு முழங்கால் நோ வந்த பிறகு அவரின் அறையில் ஒன்று வைத்தோம். மாடியில் தம்பி குடும்பத்துக்கு ஒன்று, சாப்பாட்டு அறையில் ஒன்று என்று மொத்தம் நாலாகிவிட்டது. வயரை நாலாகப் பிரித்துக் கொடுத்த அன்று இரவே நாலிலும் படம் கெட்டுப்போனது. விறாந்தையில் லேசான புள்ளி, அம்மாவின் அறையில் மழை பெய்வது போல ஒரு படம், மாடியில் அதைவிடக் கடும் மழை.

"பூஸ்டர் ஒண்டு போட்டாச் சரிவரும் அண்ணை" என்று கடையில் சொன்னார்கள். வாங்கி வந்து மாடி ரீவிக்குப் பின்னால் பூட்டினேன். படத்தோடு சேர்ந்து புள்ளிகளும் பெரிதாகின. பூஸ்டரில் பிழை இல்லை. நான் வைத்த இடம் பிழை. அதைப் புரிந்துகொண்டு, கழற்றி, முதலிலிருந்து ஒழுங்காகச் செய்து முடிக்க இரண்டு சனி ஞாயிறு எடுத்தது. செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்டர் சிக்னலைப் பெருக்குகிற கருவி; அது சிக்னலை உண்டாக்குவதில்லை. கிணற்றில் ஊறுகிற தண்ணி கலங்கலாக இருந்தால், எவ்வளவு பெரிய மோட்டார் போட்டு இழுத்தாலும் தாங்கிக்கு ஏறுவது கலங்கல் தண்ணிதான். நல்ல சிக்னல் வயரிலும் பிரிப்பிலும் தேயப்போவதை முன்கூட்டியே ஈடுசெய்வதுதான் பூஸ்டரின் வேலை. இது பிடிபட்டால் மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல்.

வீட்டுக்குள் என்ன வருகிறது?

இன்றைக்கு ஒரே வளவுக்குள் நாலு விதமாக ரீவி வருகிறது: கூரை அன்ரனா, டிஷ், தெருக் கம்பத்திலிருந்து இழுக்கும் கேபிள், இன்ரநெற் வழியாக வரும் பியோ ரீவி போன்றவை. பார்வைக்கு எல்லாம் ஒரே வயர் போல இருந்தாலும் பகிரும் முறை வேறு. அன்ரனாவையும் கேபிளையும் ஸ்பிளிற்றர் (ஒரு வயரின் சிக்னலைப் பல வயருக்குப் பிரிக்கும் சின்னக் கருவி) போட்டுப் பிரிக்கலாம். டிஷ்ஷை அப்படிப் பிரித்தால் சண்டைதான் வரும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இன்ரநெற் ரீவிக்கு இந்த வயரே வேண்டியதில்லை. ரூட்டரிலிருந்து ரீவியோடு பூட்டும் ஒவ்வொரு பொக்ஸுக்கும் கற் 6 எனும் கணினி வலையமைப்பு வயர் இழுத்தால் முடிந்தது.

ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கீறி, ரீவி இருக்கும் இடங்களைக் குறியுங்கள். பிறகு ஒரு சணல் கயிற்றை எடுத்து, வயர் உண்மையில் போகப்போகும் வழியாலேயே பிடித்து அளவுங்கள். சுவரில் ஏறி, சீலிங்குக்கு மேலால் சுற்றி, மறுபடி இறங்க வேண்டும் என்பதைக் கண் மறந்துவிடும். அம்மாவின் அறை விறாந்தையிலிருந்து 8 மீற்றர் என்று நினைத்திருந்தேன். கயிறு 19 மீற்றர் காட்டியது.

அன்ரனா

எண்பதுகளில் எங்கள் ஊர்க் கூரைகளின் மேல் நின்ற உயர்ந்த பைப்புகள் பலருக்கு நினைவிருக்கும். கொடைக்கானல் தூரதர்சனைப் பிடிக்க மேற்கே திருப்பி வைத்தவை அவை. கொடைக்கானல் இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கும் அப்பால். ஆனால் 2000 மீற்றருக்கு மேற்பட்ட மலை, இடையில் பாக்குநீரிணை. காற்றடங்கிய வெக்கை இரவுகளில் கடலுக்கு மேலுள்ள காற்றடுக்குகள் சிக்னலை வளைத்துக் கொண்டுவந்து தரும். அடுத்த நாள் அதே அன்ரனாவில் ஒன்றும் இருக்காது. பிறகு இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்ததும் தென்மேற்கும் ஒரு திசையாயிற்று.

இப்போது அன்ரனாவில் நாங்கள் தேடுவது ரூபவாஹினி, நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற உள்நாட்டு அலைவரிசைகளை. 2011 இல் திறக்கப்பட்ட புதிய கொக்காவில் கோபுரம் 170 மீற்றருக்கும் உயரமானது. யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர், தென்கிழக்கே. அதாவது அந்தக் காலத்தில் பார்த்த திசைக்கு ஏறக்குறைய முதுகுப் பக்கம். அன்று மேற்கே திருப்பியதை இன்றுவரை அசைக்காமல் வைத்துக்கொண்டு "படம் சரியில்லை" என்று சொல்கிற வீடுகளைக் கண்டிருக்கிறேன். எல்லா அலைவரிசையும் ஒரே கோபுரத்திலிருந்து வருவதில்லை என்பதால், அயலில் நல்ல படம் வரும் இரண்டு வீடுகளின் அன்ரனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

பைப் நிமிர்த்த முன் சுற்றிப் பாருங்கள். பைப் எந்தப் பக்கம் சரிந்தாலும் கரண்ட் கம்பியில் முட்டக்கூடாது. பைப்பின் முழு நீளத்தையும் அதற்கு மேல் இன்னும் சில அடியையும் கணக்கில் எடுங்கள். இதில் சமரசம் வேண்டாம். இடம் போதாவிட்டால் கட்டையான பைப் போடுங்கள், அல்லது வீட்டின் மற்றப் பக்கத்துக்கு மாற்றுங்கள். தனியாக ஏறவும் வேண்டாம். சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பும் மாதங்களில் பைப் ஆடினால் படமும் ஆடும். 3 மீற்றருக்கு மேற்பட்ட பைப்பை மூன்று பக்கமும் இழுவைக் கம்பி கட்டி நிறுத்துங்கள். கடற்காற்றின் உப்பு சாதாரண இரும்பை இரண்டு மூன்று மாரியில் தின்றுவிடும். துத்தநாகம் பூசிய ஜீ.ஐ. பைப்பும் துருப்பிடிக்காத ஆணியும் வாங்குகிற மேலதிகக் காசு வீண் போகாது.

திருப்பிச் சரிபார்க்கும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் கூரையில், ஒருவர் ரீவிக்கு முன்னால், நடுவில் முற்றத்தில் ஒருவர். "வந்திட்டுதோ?" "இன்னும் கொஞ்சம்!" "அய்யோ, விட்டிட்டாய்!" இப்போது கைபேசி இருப்பதால் நடுவில் நிற்பவருக்கு வேலையில்லை. ஆனால் மெதுவாகத் திருப்புங்கள்: கொஞ்சம் அசைத்து, கையை எடுத்துவிட்டு, எண்ணி ஐந்து செக்கன் பொறுத்துக் கேளுங்கள். கையும் உடம்பும் பக்கத்தில் இருந்தாலே படம் மாறும். ஒரு அலைவரிசையை மட்டும் பார்த்து இறுக்கிவிடவும் வேண்டாம். மிக மோசமாக வருகிறதற்கும் மிக நன்றாக வருகிறதற்கும் நடுவே இணக்கமான இடத்தைப் பிடியுங்கள்.

அடுத்து செய்வதுதான் முழு வேலையிலும் முக்கியமானது. சின்ன ரீவி ஒன்றை அன்ரனாவுக்குக் கிட்டக் கொண்டுபோய், 10 மீற்றருக்கும் குறைந்த புது வயரில், நடுவில் ஒன்றுமே இல்லாமல் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். அங்கே படம் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். அங்கேயே புள்ளி இருந்தால், வீட்டுக்குள் செய்யும் எந்த வேலையும் அதைத் திருத்தாது. உயரத்தைக் கூட்டுங்கள், கூடக் கம்பிகள் உள்ள அன்ரனா வாங்குங்கள், முன்னுக்கு நிற்கும் மரத்தைப் பாருங்கள். பத்து வருசத்துக்கு முன் அன்ரனா பூட்டியபோது இடுப்பளவு நின்ற அயல்வீட்டு மாமரம் இப்போது கூரைக்கு மேலே நிற்கும்; மழையில் நனைந்த இலை சிக்னலை இன்னும் கூடக் குடிக்கும்.

அன்ரனாவின் நடுவிலுள்ள சின்னப் பிளாஸ்ரிக் பெட்டியையும் திறந்து பாருங்கள். அன்ரனாவின் 300 ஓமை வயரின் 75 ஓமுக்கு மாற்றுகிற சுருள் அதற்குள் இருக்கிறது. எங்களுடையதில் எறும்பு கூடு கட்டி, திருகாணி பச்சை பிடித்திருந்தது. புதுப் பெட்டி ஒன்று மாற்றிய உடனேயே இரண்டு அலைவரிசைகள் தெளிந்தன. பழைய தட்டை வயர் இன்னும் தொங்கினால் கழற்றிவிடுங்கள். அது 300 ஓம் வயர், இந்தக் காலத்துச் சாமான்களோடு நேராகப் பொருந்தாது.

கணக்கு

சிக்னலின் கூட்டலும் குறைவும் டெசிபலில் அளக்கப்படுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது. 10 குறைந்தால் பத்திலொன்று. 20 குறைந்தால் நூறிலொன்று. டெசிபலாக எழுதிவிட்டால் பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம், கூட்டிக் கழித்தால் போதும். அதுதான் அதன் அழகு.

தெரிந்திருக்க வேண்டிய தேய்மானங்கள் சிலதான். ஆர்.ஜி. 6 எனும் ரீவி வயரில் யூ.எச்.எஃப். (ரீவி அலைகளில் அதிர்வெண் கூடிய பகுதி) மேற்பக்கத்தில் 100 மீற்றருக்கு ஏறக்குறைய 20 டெசிபல் போகும். அதாவது 5 மீற்றருக்கு 1. வீ.எச்.எஃப். (அதிர்வெண் குறைந்த பகுதி) அலைவரிசைக்கு அதில் பாதி. அதனால்தான் நீள வயரின் கடைசியிலுள்ள ரீவியில் சில அலைவரிசை நன்றாகவும் சில மோசமாகவும் வருகின்றன. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிற்றர் ஒவ்வொரு பக்கமும் 4 டெசிபல் அளவில் குறைக்கும். நாலாகப் பிரிப்பது 8 அளவில். எட்டாகப் பிரிப்பது 11, 12. சுவர் சொக்கற்றுக்கு 1 என்று வையுங்கள்.

கேபிள் வேலை செய்கிற தம்பி ஒருவரிடம் சிக்னல் மீற்றரை ஒரு நாள் இரவல் வாங்கினேன். பலவீனமான அலைவரிசை எங்கள் அன்ரனாவில் 68 டெசிபல் மைக்ரோவோல்ட் (சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு) காட்டியது. அனலொக் (டிஜிற்றல் அல்லாத பழைய முறை) படம் சுத்தமாக இருக்க ரீவியின் வாயில் 60 ஆவது வேண்டும். 80 ஐத் தாண்டக்கூடாது. முன்பு இருந்தது போல ஒரே ரீவி என்றால் 68 இலிருந்து வயருக்கும் சொக்கற்றுக்குமாக 6 கழிய, 62. நல்ல படம். நாலாகப் பிரித்தால்: கூரையிலிருந்து ஸ்பிளிற்றருக்கு 15 மீற்றர், 3 டெசிபல். ஸ்பிளிற்றர் 8. அங்கிருந்து மாடிக்கு 25 மீற்றர், 5. சொக்கற் 1. மொத்தம் 17. மிஞ்சுவது 51. அன்ரனாவில் கிடைத்த சக்தியில் 50 இல் ஒரு பங்குதான் மாடிக்குப் போய்ச் சேர்கிறது. படம் மழை பெய்ததில் என்ன ஆச்சரியம்?

இப்போது எவ்வளவு பெரிய பூஸ்டர் வேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. தேய்வது 17, ஆகவே 20 டெசிபல் பூஸ்டர் போதும். 68 உடன் 20 கூட்டி, 17 கழித்தால் மாடியில் 71. கடையில் 36, 40 என்று பெரிய எண் போட்டதைக் காட்டி "இது நல்ல பவர்" என்பார்கள். வேண்டாம். ஏன் என்று அடுத்ததில் வருகிறது.

பூஸ்டரை எங்கே வைப்பது

அன்ரனாவுக்குக் கிட்ட. பைப்பிலேயே, அல்லது கூரைக்குக் கீழே முதல் சில மீற்றருக்குள். ஒவ்வொரு பூஸ்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலை (படத்தில் புள்ளியாகத் தெரிவது) சேர்க்கும். சிக்னல் முழுதாக இருக்கும்போது அந்த இரைச்சல் சேர்ந்தால் தெரியாது. தேய்ந்து 51 ஆன பிறகு சேர்ந்தால், இரைச்சலும் சிக்னலும் ஒன்றாகவே பெரிதாகும். நான் மாடி ரீவிக்குப் பின்னால் வைத்தபோது நடந்தது அதுதான். அதே பூஸ்டரைக் கூரைக்கு மாற்றியதும் நாலு ரீவியும் தெளிந்தன. புதிதாக ஒரு சதம் செலவாகவில்லை.

கூரையில் பூட்டும் பூஸ்டருக்குக் கரண்ட், அதே ரீவி வயராலேயே ஏறும். அதற்கென வரும் சின்ன அடப்ரரை வீட்டுக்குள், ஸ்பிளிற்றருக்கு முன்னால் வைப்பது வழக்கம். அது 12 வோல்ட் அளவில் மேலே அனுப்பும், சிக்னலைக் கீழே விடும். அடப்ரருக்கும் பூஸ்டருக்கும் இடையில் ஸ்பிளிற்றர் எதுவும் வரக்கூடாது. வந்தே ஆக வேண்டுமானால் கரண்ட் கடத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வயர் முனையில் வெளிக் கம்பிப் பின்னலின் ஒரு மயிரிழை நடுக் கம்பியில் தொட்டாலும் அடப்ரர் சூடாகிச் செத்துப்போகும். பூட்டி முடித்து அரை மணி கழித்து அடப்ரரைத் தொட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு விசயம்: பூஸ்டருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் ஒரு ரீவியிலும் படம் வராது. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்திய காலத்தில், ரீவியை இன்வேட்டரில் கொடுத்துவிட்டு "அன்ரனா பழுதாகிவிட்டது" என்று தவித்தவர்கள் உண்டு. பூஸ்டரின் அடப்ரரையும் அதே இன்வேட்டர் வரிசையில் குத்துங்கள்.

இனி, அளவு மிஞ்சினால் என்ன? ஒவ்வொரு பூஸ்டருக்கும் இவ்வளவுதான் வெளியே தள்ள முடியும் என்று ஒரு எல்லை உண்டு. சாதாரண வீட்டுப் பூஸ்டரில் அது 100 இலிருந்து 110 டெசிபல் மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம் இருந்து, அதன் சிக்னல் மட்டும் 90 ஆக வந்தால், 36 டெசிபல் பூஸ்டர் அதை 126 ஆக்கப் பார்க்கும். முடியாது. அப்போது அந்த ஒன்று மற்ற எல்லா அலைவரிசைக்குள்ளும் சிந்தும்: மீன்முள் போலக் கோடுகள், ஒரு படத்துக்குப் பின்னால் இன்னொரு படத்தின் நிழல். ஆட்கள் இதைப் பார்த்து "இன்னும் பவர் வேண்டும்" என்று நினைத்து இரண்டாவது பூஸ்டரையும் பூட்டுவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். பூஸ்டரின் பக்கத்திலுள்ள, பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை மெல்ல இறக்குங்கள். ஆகவே திருகு உள்ள பூஸ்டரையே வாங்குங்கள். ஆகக் குறைவில் தொடங்கி, மிகத் தூரத்து ரீவியில் புள்ளி மறையும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கைபேசிக் கோபுரம் கிட்ட இருந்தாலும் இதே கோளாறு வரலாம்; அதைத் தடுக்கும் வடிகட்டியைப் பூஸ்டருக்கு முன்னால் பூட்ட வேண்டும்.

வயர்

ஆர்.ஜி. 59 மெல்லியது, மலிவு, வளைக்க இலகு. வீடு முழுக்க இழுக்க அது வேண்டாம். ஆர்.ஜி. 6 ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் பருமன், நடுக் கம்பி 1 மில்லிமீற்றர். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். நடுக் கம்பியில் ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் இரும்பில்லை, செம்பாக இருக்கலாம். அன்ரனாவுக்கு இரும்பும் பரவாயில்லை, ஏனென்றால் இந்தச் சிக்னல் கம்பியின் மேற்தோலிலேயே ஓடுகிறது. பூஸ்டருக்கோ டிஷ்ஷுக்கோ நீள வயரால் கரண்டும் ஏற்ற வேண்டுமானால் செம்பு நல்லது. வெளிப்பின்னலைப் பிரித்துப் பாருங்கள். நாலைந்து இழை மட்டும் கிடந்தால் அந்த வயரை விட்டுவிடுங்கள்.

ஓட்டு வீட்டில் சீலிங்குக்கு மேலால், பனஞ்சிலாகையை ஒட்டிக் கொண்டுபோவது வசதி. ஆனால் அங்கே அணிலும் எலியும் குடியிருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒரே மாரியில் இரண்டு தரம் கடித்து வைத்தன. இப்போது அந்தப் பகுதி முழுவதும் வயரைப் பி.வி.சி. பைப்புக்குள் விட்டிருக்கிறேன். பழைய சுண்ணாம்புக்கல் சுவரைத் துளைக்கும்போது அவசரப்படாதீர்கள். உள்ளே கல்லும் சாந்தும் மாறி மாறி வரும், துளை கோணலாகிவிடும். மெல்லிய அலகால் முதலில் துளைத்துப் பிறகு பெருப்பியுங்கள். வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருந்தால் மழைத் தண்ணி உள்ளே வராது. வயர் துளைக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள்; தண்ணி அந்த வளைவால் சொட்டிப் போகும்.

சிரட்டையின் வளைவைவிட இறுக்கமாக எங்கும் மடிக்காதீர்கள். ஆணிக் கிளிப்பை வயர் நசியும்படி அடிக்கவும் வேண்டாம். நசிந்த இடத்தில் சிக்னலின் ஒரு பங்கு திரும்பிப் போகும். அனலொக் படத்தில் அது ஆளுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் நிற்பது போலத் தெரியும். மெயின் கரண்ட் வயரோடு ஒரே பைப்புக்குள் இதை விடவே கூடாது.

முனையில் எஃப் கனெக்டர் பூட்டுவதுதான் பெரும்பாலான கோளாறுகளின் பிறப்பிடம். வெளித்தோலைச் சுற்றிவர வெட்டி, பின்னலைப் பின்னால் மடித்து, நடுக் கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியை 6 மில்லிமீற்றர் விட்டு, நடுக் கம்பியை 6 மில்லிமீற்றர் வெளியே நீட்டுங்கள். பூட்டிய பின் நடுக் கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீற்றர் நிற்க வேண்டும். கையால் திருகும் கனெக்டர் இரண்டு வருசத்தில் தளரும்; அமுக்கிப் பூட்டும் வகை நல்லது. வெளியே உள்ள ஒவ்வொரு மூட்டுக்கும் தன்னோடு தானே ஒட்டும் றப்பர் ரேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து கீழாகச் சுற்றினால் கூரை ஓடுகளைத் தலைகீழாக வேய்ந்தது போல, ஒவ்வொரு மடிப்பும் தண்ணியை உள்ளே வாங்கும்.

ஸ்பிளிற்றர்

வீட்டின் நடுப்பகுதியில், கை எட்டும் இடத்தில் ஒரு ஸ்பிளிற்றரை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு ரீவிக்கும் தனித்தனி வயர் இழுங்கள். ஒரு ரீவியிலிருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலி போலக் கொண்டுபோனால் கடைசி ரீவி பட்டினி கிடக்கும். நடுவில் ஒன்றைக் கழற்றினால் எல்லாம் போகும். வயரை வெறுமனே முறுக்கி இணைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் எல்லா ரீவியும் ஒன்றையொன்று கெடுக்கும்.

நாலு ரீவிக்கு நாலு வழி ஸ்பிளிற்றரே போதும்; "பிறகு உதவும்" என்று எட்டு வாங்கினால் இன்றே 3, 4 டெசிபல் வீணாகும். பாவிக்காத வாய் இருந்தால் 75 ஓம் மூடி ஒன்றைத் திருகிவிடுங்கள். தெருக் கேபிளுக்கும் இதே முறைதான். டிஜிற்றல் கேபிள் என்றால் ஒவ்வொரு ரீவிக்கும் அதற்குரிய பொக்ஸ் வேண்டும். ஆனால் அன்ரனாவையும் கேபிளையும் ஒரே வயருக்குள் சேர்க்காதீர்கள். இரண்டும் ஒரே அலைவரிசை இடங்களில் மோதும்.

டிஷ்

டிஷ்ஷிலிருந்து வரும் வயரில் ஓடுவது 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ். சாதாரண ஸ்பிளிற்றரின் முதுகைப் பார்த்தால் 5 முதல் 1000 என்று எழுதியிருக்கும். அதுவே முதல் தடை. இரண்டாவது தடை பெரியது: பொக்ஸ் அந்த வயரால் மேலே 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, எந்தத் தளவிளைவிலுள்ள (அலை நிமிர்ந்தோ கிடையாகவோ அதிரும் விதம்) அலைவரிசைகள் வேண்டும் என்று டிஷ்ஷின் தலைக்கு (முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் எல்.என்.பி.) சொல்கிறது. ஒரு தலையில் இரண்டு பொக்ஸைக் கட்டினால், ஒன்று 13 கேட்கும்போது மற்றது 18 கேட்கும். 18 வெல்லும், மற்ற அறையில் பாதி அலைவரிசை மறையும். ஆகவே இரண்டு பொக்ஸுக்கு இரண்டு வாய் உள்ள தலை, நாலு பொக்ஸுக்கு நாலு வாய் உள்ளது. தலையிலிருந்து ஒவ்வொரு பொக்ஸுக்கும் தனி வயர். கட்டணச் சேவை என்றால் மேலதிக பொக்ஸுக்கு உங்கள் நிறுவனத்திடம் முறையாக இணைப்பு எடுங்கள்.

நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் செய்மதிகள் பல எங்களுக்கு உயரத்திலேயே நிற்கின்றன. தூரதர்சனின் இலவச டிஷ் சேவையான டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் 93.5 பாகை கிழக்குச் செய்மதி யாழ்ப்பாணத்திலிருந்து தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து 70 பாகை உயரத்தில் இருக்கிறது. பனை வடலி மறைக்கிறதே என்று பைப் போட்டு உயர்த்தத் தேவையில்லை. முற்றத்துச் சீமெந்துத் தரையிலேயே பூட்டலாம், காற்றும் அசைக்காது. கடும் மழையில் படம் நின்றால் அது மழையின் வேலை. அதற்குப் பூஸ்டர் உதவாது.

ஒரே பொக்ஸை எல்லா அறையிலும் பார்க்க

அம்மாவுக்கு விறாந்தையில் ஓடுகிற நாடகமே அறையிலும் ஓடினால் போதும் என்றால், இரண்டாவது பொக்ஸ் தேவையில்லை. பொக்ஸின் ஏ.வி. வாயிலிருந்து மொடியுலேற்றர் என்ற சின்னக் கருவிக்குக் கொடுத்தால், அது அந்தப் படத்தை வெறுமையான ஒரு யூ.எச்.எஃப். அலைவரிசையாக்கித் தரும். அதை அன்ரனா வயரோடு சேர்த்து ஸ்பிளிற்றருக்குள் விட்டால், எல்லா ரீவியிலும் இன்னோர் அலைவரிசை போல வரும். பக்கத்து அலைவரிசைகளுக்கும் அதற்கும் இடையில் ஒரு இடமாவது காலியாக இருக்கப் பாருங்கள். கூர்மையான படம் வேண்டுமானால் எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிற்றர், ஆனால் சாதாரண எச்.டி.எம்.ஐ. வயர் 10 மீற்றரைத் தாண்டினால் நம்ப முடியாது, கற் 6 வயரில் அனுப்பும் கருவி வேண்டும். இரண்டு முறையிலும் எல்லா ரீவியிலும் ஒரே படம்தான். ரிமோட் யாரிடம் என்பதை வீட்டில் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

மின்னல்

இதை யாரும் தாவிப் படிக்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் எழும்பும் இடி மின்னல் எங்களுக்குப் புதிதில்லை. தட்டையான ஊர், அதில் கூரைக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் இரும்புப் பைப், அதிலிருந்து வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் போகும் செம்பு வயர். முன்பு ஒரு ரீவிக்குப் போன வழி இப்போது நாலுக்கும் போகிறது.

பைப்பைத் தடித்த செப்புக் கம்பியால் நேர் வழியில், வளைவுகளைக் குறைத்து, எர்த்துக்கு இணைக்க வேண்டும். அதற்கெனத் தனியாக ஒரு கம்பியை மண்ணில் குத்திவிட்டு அப்படியே விட்டுவிடுவது ஆபத்து. வீட்டின் மெயின் எர்த்தோடும் அது சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்த மின்வேலைகாரரைக் கொண்டு செய்யுங்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சேர்ஜ் (திடீரென எகிறும் கரண்ட்) தடுப்பான் ஒன்றும் பூட்டி, அதன் எர்த் வாயையும் இணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் நேரடி இடியை எதுவும் தாங்காது. தூரத்தில் முழங்கத் தொடங்கும்போதே ரீவியின் பிளக், பூஸ்டர் அடப்ரர், அன்ரனா வயர் மூன்றையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றுகிறவர்கள் பலர். இடி வருவது மற்ற வயராலும்தான். தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடப் போகாதீர்கள். ரீவி போனால் போகட்டும்.

படம் கெட்டால் எங்கே தேடுவது

எல்லா ரீவியிலும் ஒன்றாகக் கெட்டால் பிழை ஸ்பிளிற்றருக்கு முன்னால்: அடப்ரரில் வெளிச்சம் எரிகிறதா, பூஸ்டர் மூட்டில் தண்ணியா, காகம் இருந்து அன்ரனா திரும்பிவிட்டதா. ஒரு ரீவியில் மட்டும் கெட்டால் அந்த வயரின் இரு முனை, பிறகு எலி. நல்ல ரீவியின் வயரை ஸ்பிளிற்றரில் கழற்றி, கெட்டதன் வாயில் மாற்றிப் பூட்டினால் ஒரு நிமிசத்தில் தெரிந்துவிடும். மழை பெய்தால் மட்டும் கெட்டு, வெயிலில் சரிவந்தால் ஏதோ ஒரு மூட்டில் தண்ணி. டிஜிற்றல் பொக்ஸில் புள்ளி வராது. சதுரம் சதுரமாக உடையும் அல்லது அடியோடு நின்றுவிடும். அங்கே பொக்ஸின் பட்டியலிலுள்ள சிக்னல் தரம் காட்டும் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். முதலில் கீறிய வீட்டுப் படத்தில், வயர் போன வழி, நீளம், பூஸ்டரின் திருகு நின்ற இடம், பூட்டிய திகதி எல்லாவற்றையும் குறித்து, மீற்றர்ப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். போன மாரியில் நான் கொழும்பில் நின்றபோது அம்மாவின் அறையில் படம் போய்விட்டது. தம்பியின் மகள் அந்தத் தாளைப் பார்த்து, ஸ்பிளிற்றரின் மூன்றாம் வாயிலுள்ள கனெக்டர் தளர்ந்திருந்ததைத் தானே கண்டுபிடித்து இறுக்கிவிட்டிருந்தாள்.